விற்பது வலைப்பதிவை, பெயரை அல்ல

2004-இல் தொடங்கி 2015-இல் மூடப்பட்ட ஒரு வலைப்பதிவு, 2024-இல் திடீரென்று மறுபடி இயங்க ஆரம்பித்தது. ஆப்பிள் கருவிகளைப் பற்றி எழுதிவந்த 'தி அன்அஃபிஷியல் ஆப்பிள் வெப்லாக்' அது. அதில் எழுதியவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் புதிய உரிமையாளரின் கையில் அவர்களுடைய பெயர்களிலேயே கட்டுரைகள் வரத் தொடங்கின. எழுதியது செயற்கை நுண்ணறிவு இயந்திரம். பெயருக்குப் பக்கத்தில் இருந்த முகங்களும் இயந்திரம் உருவாக்கியவை. பழைய எழுத்தாளர்கள் கவனித்துச் சத்தம் போட்ட பிறகுதான் பெயர்கள் மாறின. 2018-இல் மூடப்பட்ட 'தி ஹேர்பின்' என்ற வலைப்பதிவுக்கும் இதே கதிதான். அதன் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, வேறொருவர் வாங்கி, இயந்திரம் எழுதிய சரக்கைக் கொண்டு நிரப்பிய செய்தி 2024 ஜனவரியில் வெளியானது.

சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி நான் நடத்திவந்த வலைப்பதிவை விற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. தெரிந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான் கேட்டார்கள். எனக்கோ வேறு கேள்வி. கைமாறிய பிறகு அங்கே என் பெயரில் என்ன நடக்கும்? விற்பனைக்குத் தயார்செய்வது பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி லாபத்தை ஏற்றிக் காட்டுவதைப் பற்றியது. என் அனுபவத்தில் தயாரிப்பு என்பது வேறு வேலை. வலைப்பதிவிலிருந்து நம்மைப் பிரித்து எடுக்க வேண்டும். எடுக்க முடியாத பகுதிக்கு எழுத்தில் பாதுகாப்பு வாங்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் விலையும் தானே கூடுகிறது என்பதையும் பார்த்தேன்.

விலைக் கணக்கு அப்படியொன்றும் மர்மமானது இல்லை. கடந்த 12 மாத நிகர லாபத்துக்கு மாதச் சராசரி எடுத்து, அதை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் பொதுவாக 20-லிருந்து 40-க்குள் நிற்கும். போட்ட பணம் இரண்டு மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது வாங்குபவரின் எதிர்பார்ப்பு. வருமானம் ஒரே இடத்திலிருந்து வந்தால் எண் இறங்கும். வாசகர்கள் எல்லோரும் கூகுள் வழியாக மட்டுமே வந்தாலும் இறங்கும். 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் வரிசையில் செய்த 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' மாற்றத்தில் ஏராளமான சிறு தளங்களின் வருகை சரிந்ததால், வாங்க வருபவர்கள் இன்றும் வரைபடத்தில் அந்த மாதத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் மேலாக எண்ணை இறக்குவது, எழுதுபவரைச் சார்ந்திருப்பது. 'இவர் போய்விட்டால் வாசகர்கள் இருப்பார்களா?' என்ற சந்தேகம் வந்துவிட்டால் பேச்சு அங்கேயே தளர்ந்துவிடும்.

எண்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். விற்கும் எண்ணம் மனதில் லேசாக எட்டிப்பார்க்கும்போதே தரவுகளைச் சேமிக்கத் தொடங்கிவிடுங்கள். நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் 16 மாதத்துக்கு முந்தைய விவரம் இருக்காது. வருகையைக் கணக்கெடுக்கும் கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-உடன் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டது. இப்போதிருக்கும் அனலிட்டிக்ஸ் 4, நுணுக்கமான விவரங்களை நாம் எதையும் மாற்றாத வரை 2 மாதம் மட்டுமே வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை 14 மாதமாக மாற்ற வேண்டும். இது இரண்டு நிமிட வேலைதான், ஆனால் மாற்றிய நாளுக்கு முன்னால் போனது போனதுதான். மூன்று வருட வரைபடத்தைக் காட்ட முடிந்தவரின் பேச்சுக்கு இருக்கும் எடை, ஆறு மாதத்தைக் காட்டுபவரின் பேச்சுக்குக் கிடைக்காது.

சரி, பிரித்தெடுக்கும் வேலைக்கு வருகிறேன்.

முதலில் மின்னஞ்சல். இதைப் பலர் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். வலைப்பதிவின் டொமைனில் ஒரு முகவரி வைத்திருப்போம். டொமைன் கைமாறும் நாளிலிருந்து அந்த முகவரிக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் புதியவருக்குப் போகும். அந்த முகவரியைக் கொடுத்து நாம் எங்கெல்லாம் கணக்கு திறந்திருக்கிறோமோ, அங்கெல்லாம் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தி அவர் உள்ளே போய்விடலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு அடுத்து வாங்குபவர் யார் என்று நமக்குத் தெரியாது. நான் அஞ்சல்பெட்டியில் 'கணக்கு', 'உறுதிப்படுத்தவும்', 'ரசீது' போன்ற சொற்களைத் தேடி, வந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வலைப்பதிவுக்குச் சம்பந்தமே இல்லாத கணக்குகள் எத்தனையோ அதில் தொங்கிக்கொண்டிருந்தன. வங்கி அறிவிப்புகள், மருத்துவப் பரிசோதனை முடிவு அனுப்பும் இடம், படங்களைச் சேமிக்கும் இடம் என்று பலதும். எல்லாவற்றையும் சொந்த முகவரிக்கு மாற்றி, அதன் பிறகு சில மாதங்கள் பழைய முகவரியைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கடிதம் போடும் இடங்கள் அப்போதுதான் தலைகாட்டின. விற்பனைக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

அடுத்தது வருமானக் கணக்குகள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் இருக்கும் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வாங்குபவர் தன் கணக்கில் தளத்தைச் சேர்த்து அனுமதி வாங்கி, விளம்பர நிரலை மாற்ற வேண்டும். தளத்தின் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் நம் பதிப்பாளர் எண் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். கடைகளுக்குப் போகும் கமிஷன் இணைப்புகளில் நம் அடையாளக் குறி ஒவ்வொரு கட்டுரைக்குள்ளும் புதைந்திருக்கும். நான் விற்பதற்கு வெகுமுன்பே அந்த இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து மாற்றும்படி ஒரு பிளகினுக்குள் (தளத்தோடு சேர்க்கும் துணைநிரல்) கொண்டுவந்துவிட்டேன். வாங்குபவர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அவருக்குப் பல நாள் வேலை மிச்சம்.

படங்கள், தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), எழுத்துருக்கள் ஆகியவற்றின் உரிமங்களைப் படித்துப் பாருங்கள். சில உரிமங்கள் வாங்கியவரோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட படங்களை முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இவை எல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும் வேலைகள். என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது கட்டுரைகள்தான்.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். சைக்கிள் சங்கிலி தேய்ந்துவிட்டதா என்று சாதாரண அளவுகோலால் பார்ப்பது பற்றி நான் எழுதியது அந்த வலைப்பதிவில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. புதுச் சங்கிலியில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் ஒன்றின் மையத்தில் அளவுகோலின் பூஜ்யத்தை வைத்துப் பிடித்தால், கடைசி ஊசியின் மையம் 12-இல் நிற்கும். தேய்ந்த சங்கிலியில் அது 12-ஐத் தாண்டிப் போகும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் சங்கிலியை மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பற்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். இதை விளக்கும் படத்தில் அளவுகோலைப் பிடித்திருப்பது கிரீஸ் படிந்த என் கட்டைவிரல். கட்டுரை முழுக்க 'நான் இப்படிச் செய்கிறேன்', 'என் சைக்கிளில் இப்படி இருந்தது' என்று போகும். தகவல் யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் அதை நம்பி ஒருவர் கருவியைக் கையில் எடுப்பதற்குக் காரணம், செய்து பார்த்த ஒரு ஆள் பேசுகிறார் என்பதுதான். இந்தக் கட்டுரையை விற்றுவிட்டு, நாளைக்கு அதே குரலில், நான் தொட்டே பார்க்காத ஒரு பொருளை 'நான் பயன்படுத்துகிறேன், அருமை' என்று யாராவது சேர்த்தால்? வாசகருக்கு அது பொய் சாட்சி. என் பெயரில் சொல்லப்பட்ட பொய் சாட்சி.

அதனால் எல்லாக் கட்டுரைகளையும் உட்கார்ந்து படித்தேன். செய்முறை விளக்கங்கள் அப்படியே போகலாம். பொருள்களைப் பற்றிய என் மதிப்புரைகள், எழுதிய தேதியும் என் பெயரும் தெளிவாகத் தெரிந்தால் போகலாம். மூன்றாவதாக ஒரு வகை இருந்தது. என் அப்பாவின் பழைய சைக்கிளைச் சரிசெய்தது, விபத்துக்குப் பிறகு மறுபடி ஓட்டத் தொடங்கியது என்று சொந்த வாழ்க்கையோடு பிணைந்தவை. அவற்றுக்கு எந்த வருமானமும் இல்லை. அவற்றை விற்கவும் எனக்கு மனம் இல்லை. விற்பனை விளம்பரம் போடுவதற்கு முன்பே அவற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, எடுத்த பக்கங்களின் பட்டியலை வாங்க வந்தவரிடம் கொடுத்தேன். இதை மறைக்கவே கூடாது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பிரதிகள் கிடக்கின்றன, விவரம் தெரிந்தவர்கள் அங்கே போய்ப் பார்ப்பார்கள். நாமே சொன்னால் அது ஒரு தகவல். அவர்களாகக் கண்டுபிடித்தால், இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார் என்ற யோசனை வந்துவிடும்.

வலைப்பதிவில் மற்றவர்களும் எழுதியிருந்தால் அவர்களிடம் கேட்காமல் ஒரு அடி எடுத்துவைக்காதீர்கள். 2011-இல் ஹஃபிங்டன் போஸ்ட்டை ஏஓஎல் நிறுவனம் 31.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, அதுவரை சம்பளம் இல்லாமல் எழுதிக்கொடுத்தவர்கள் தங்களுக்கு 10.5 கோடி டாலர் பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். பணம் கிடைக்காது என்று தெரிந்துதானே எழுதினார்கள் என்று 2012-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் நம் அழைப்பை மதித்து எழுதிக் கொடுத்தவர் அந்த இடத்தில் நிற்கும்படி ஏன் விட வேண்டும்? எனக்கு எழுதிக்கொடுத்த எல்லோருக்கும் கடிதம் போட்டேன். சிலர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒருவர் தன் கட்டுரையைத் திரும்பக் கேட்டார், நீக்கிவிட்டேன். பதிலே வராதவர்களின் கட்டுரைகளையும் விற்பனையில் சேர்க்கவில்லை.

செய்திமடல் பட்டியலும் அப்படித்தான். முகவரி கொடுத்தவர்கள் என்னை நம்பிக் கொடுத்தார்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அங்கே வாசகர்கள் இருந்தால், யார் கையில் தங்கள் விவரம் போகிறது என்று அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. பட்டியலை ஒப்படைப்பதற்கு முன் எல்லோருக்கும் எழுதினேன். வாங்குபவர் யார், என்ன செய்யப் போகிறார், விருப்பம் இல்லாதவர்கள் எந்த இணைப்பை அழுத்தி விலகலாம் என்ற மூன்றும் அதில் இருந்தன. ஒரு பகுதியினர் விலகினார்கள். பட்டியல் சின்னதானது வாங்குபவருக்கு வருத்தம்தான், ஆனாலும் மிஞ்சியிருப்பவர்கள் விரும்பி இருப்பவர்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். மறுமொழிகளையும் மறக்க வேண்டாம். வலைப்பதிவை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒவ்வொரு மறுமொழியோடும் எழுதியவரின் மின்னஞ்சலையும் ஐபி முகவரியையும் தரவுத்தளத்தில் வைத்திருக்கும். அவற்றைத் துடைத்துவிட்டு மறுமொழிகளை மட்டும் கொடுத்தேன்.

இப்போது ஒப்பந்தம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு இருக்கிறது, 6 பிஸ் என்பார்கள். எழுத்தின் பொருளாதார உரிமையை விற்ற பிறகும், அதை எழுதியவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும் என்று அது சொல்கிறது. ஆனால் நாட்டுக்கு நாடு இதன் பலம் மாறும். சில இடங்களில் ஒரு கையெழுத்தில் இந்த உரிமையையே விட்டுக்கொடுத்துவிட முடியும். விற்பனைச் சந்தைகளில் கிடைக்கும் ஆயத்த ஒப்பந்தங்களில் 'அனைத்து உரிமைகளும்' என்று இரண்டே சொற்களில் வரும் இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

நான் கேட்டுச் சேர்த்தவை இவை. பழைய கட்டுரைகள் என் பெயரோடும் முதலில் வெளியான தேதியோடும் இருக்கும். ஒரு கட்டுரையின் உள்ளடக்கத்தை மாற்றினால், மாற்றியது யார், எப்போது என்று அதே பக்கத்தில் குறிப்பிட வேண்டும். அடியோடு மாற்றினால் என் பெயரை எடுத்துவிட வேண்டும். ஒப்படைத்த நாளுக்குப் பிறகு எதுவும் என் பெயரிலோ என் படத்தோடோ வரக் கூடாது. என் எழுத்தைக் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கி என் குரலில் எழுதவைக்கக் கூடாது. கடைசியாக, அவர் இன்னொருவருக்கு விற்றால் இந்த நிபந்தனைகள் அந்த இன்னொருவரையும் கட்டுப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஒரு கைமாற்றத்தோடு காலாவதியாகிவிடும். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

அவர் தரப்பில் கேட்டது, அதே துறையில் நான் போட்டி வலைப்பதிவு தொடங்கக் கூடாது என்பது. நியாயமான கேள்வி. காலத்தையும் எல்லையையும் தெளிவாக எழுதிக்கொண்டோம். யாராவது சைக்கிள் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் உரிமையை மட்டும் நான் விடவில்லை.

இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் விலகிப்போனவர்களும் உண்டு. அதிக விலை சொன்ன ஒருவர், "பெயர் இல்லாமல் இதை வாங்கி நான் என்ன செய்வது?" என்று நேராகவே கேட்டார். அவர் என்ன செய்ய நினைத்தார் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. பழைய தளத்தின் நற்பெயரை வைத்துத் தரமற்ற பக்கங்களை மேலே ஏற்றும் பழக்கத்துக்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுளே தனி விதிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட திட்டத்தோடு வருபவர்கள் குறைவு இல்லை. வாங்குபவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவிய ஒரே கேள்வி, "முதல் மூன்று மாதம் என்ன எழுதுவீர்கள்?" என்பதுதான். பலர் தேடல் சொற்களின் பட்டியலை அனுப்பினார்கள். ஒருவர், ஹைட்ராலிக் பிரேக்கில் காற்றுக்குமிழி எடுப்பது பற்றி என் வலைப்பதிவில் எதுவுமே இல்லை, அதிலிருந்து ஆரம்பிப்பேன் என்றார். அவருக்குத்தான் கொடுத்தேன்.

பணத்துக்கு எஸ்க்ரோ இல்லாமல் எதையும் கையைவிட்டு விடாதீர்கள். வாங்குபவர் பணத்தை மூன்றாவது நிறுவனத்திடம் செலுத்துகிறார், நாம் சொத்துகளை ஒப்படைக்கிறோம், அவர் சரிபார்த்துச் சம்மதித்ததும் பணம் நமக்கு விடுவிக்கப்படுகிறது. எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து போக வேண்டும். எதிராளி அனுப்பும் இணைப்பை அழுத்திப் போனால் அச்சு அசலாக அதே தோற்றத்தில் இருக்கும் போலித் தளத்தில் போய் நிற்கும் ஆபத்து உண்டு.

டொமைன் மாற்றத்துக்கு எளிய வழி, வாங்குபவரை நம் பதிவாளரிடமே, அதாவது டொமைனைப் பதிவுசெய்த நிறுவனத்திடமே, ஒரு கணக்கு திறக்கச் சொல்லி அதற்குத் தள்ளிவிடுவது. சீக்கிரம் முடியும். வேறு பதிவாளருக்கு என்றால் பூட்டைத் திறந்து, அனுமதிக் குறியீடு கொடுத்து, ஐந்து நாள் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பொதுவாக 60 நாள் அதை மறுபடி நகர்த்த முடியாது. டொமைன் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர்வழங்கி மாறும்போது மின்னஞ்சலுக்கான பதிவுகளை எடுத்துவைக்க மறந்தால் அஞ்சல் நின்றுபோகும். அப்புறம், சர்ச் கன்சோலில் நம் சரிபார்ப்புக் குறி தளத்தில் இருக்கும் வரை நாமும் உரிமையாளராகவே தொடர்வோம். அதை நீக்கும்படி நானே அவரிடம் சொன்னேன். நிர்வாகக் கணக்கு, கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி, செயலிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் அவர் மாற்றி முடித்ததும், என்னால் எங்கும் நுழைய முடியவில்லை என்று இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்த்தோம்.

ஒப்படைத்த பிறகு ஒரு மாதம் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் அதிகம் கேட்கவில்லை. வேலைமுறைகளை எழுதிக்கொடுத்த குறிப்பே போதுமாக இருந்தது போலும். சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, கேள்வியாக இல்லாமல் தகவலாக. சங்கிலி அளக்கும் கட்டுரையின் மேல் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன், பாருங்கள் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். 11, 12 கியர் சங்கிலிகளை அரை சதவீதத் தேய்மானத்தைத் தாண்டவிடாமல் மாற்றிவிட வேண்டும், அந்த நுணுக்கத்தை அளவுகோலால் பார்ப்பது சிரமம், அதற்கென்று இருக்கும் அளவிடும் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. குறிப்பின் கீழே அவர் பெயர், சேர்த்த தேதி. அதற்கும் கீழே என் கட்டுரை ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது. நல்ல குறிப்பு, இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று அவருக்குப் பதில் எழுதினேன்.